நீதி தேவதையும் 3.1 மைக்ரான் பள்ளமும்

2010 ஏப்ரல் கடைசியில் ஒரு பதிவு போட்டேன். "சிறுகோளில் தண்ணீர் கண்டுபிடிச்சாச்சு!" என்று ஆச்சரியக்குறியோட தலைப்பு. நாலு பாரா எழுதி, கடைசியில் "நாம் குடிக்கும் தண்ணீர் வானத்திலிருந்து வந்தது" என்று ஒரு பஞ்ச் வேற. வந்தவங்க "அருமை", "தகவலுக்கு நன்றி" என்று சொல்லிட்டுப் போனாங்க. நானும் மறந்துட்டேன்.

போன மாசம் என் பொண்ணு எதையோ தேடப்போய் அந்தப் பதிவில் வந்து விழுந்திருக்கா. படிச்சிட்டு நேரா வந்து கேட்டா: "அப்பா, இது நெஜமாவே தண்ணியா? யாராவது போய் பாத்தாங்களா?"

"யாரும் போகலைம்மா, ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. அன்னைக்கு செய்தியைப் படிச்ச வேகத்தில் எழுதினேனே தவிர, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு திரும்பிப் பார்க்கவே இல்லை. சரி, பார்த்துடுவோம்னு உட்கார்ந்தா, விஷயம் இருநூறு வருஷத்துக்குப் பின்னால இழுத்துட்டுப் போயிடுச்சு. அதனால இது பாதி வரலாறு, பாதி திருத்தம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

முதல்ல 2010-ல் என்ன சொன்னாங்க?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுத்திக்கிட்டு இருக்கிற லட்சக்கணக்கான பாறைகளில் ஒண்ணு தெமிஸ். 1853 ஏப்ரல் 5-ம் தேதி இத்தாலியில் நேப்பிள்ஸ் வானாய்வகத்தில் இருந்து அன்னிபாலே தெ காஸ்பாரிஸ் கண்டுபிடிச்சார். வரிசையில் 24-வது சிறுகோள். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் விட்டம். சூரியனிலிருந்து சராசரியா 47 கோடி கிலோமீட்டர், அதாவது நாம இருக்கிற தூரத்தைப் போல மூணு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. கரி மாதிரி கருப்பு. தெமிஸ் என்பது கிரேக்கர்களின் நீதி தேவதையோட பேர். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி உதவும்.

2010 ஏப்ரல் 29 தேதியிட்ட நேச்சர் இதழில் இந்த தெமிஸைப் பத்தி அடுத்தடுத்து ரெண்டு கட்டுரை. ஒண்ணு ஆண்ட்ரூ ரிவ்கின், ஜோஷுவா எமரி எழுதினது. இன்னொண்ணு ஹம்பர்டோ காம்பின்ஸ் தலைமையிலான குழு எழுதினது. ரெண்டு குழுவும் தனித்தனியா வேலை செஞ்சவங்க. ரெண்டு பேரும் பயன்படுத்தினது ஹவாய் தீவில் மௌனா கேயா மலை உச்சியில், 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற நாசாவின் 3 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி. ரிவ்கின் 2002-ல் இருந்து 2008 வரைக்கும் பல தடவை பார்த்தார். காம்பின்ஸ் குழு 2008 ஜனவரியில் ஒரே ராத்திரியில் ஏழு மணி நேரம் விடாம பார்த்தாங்க. தெமிஸ் தன்னைத்தானே ஒரு சுத்து சுத்த எட்டரை மணி நேரம்கூட ஆகாது. அப்படின்னா ஏழு மணி நேரத்தில் அதோட பெரும்பகுதி முகத்தைப் பார்த்தாச்சு. ரெண்டு குழுவும் சொன்ன முடிவு ஒண்ணுதான்: மேற்பரப்பு முழுக்க பரவலா, ரொம்ப மெல்லிசா, பனிக்கட்டி படிஞ்சிருக்கு. கூடவே கரிமப் பொருட்களும் இருக்கு.

இதில் ஆச்சரியம் எங்கே வருதுன்னா, அங்கே பனி இருக்கவே கூடாது. அந்த தூரத்தில் வெயில் நமக்கு வர்றதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனா வெளியே கிடக்கிற பனியைக் காலி பண்ண அதுவே போதும். பனி உருகாது, தட்டில் வச்ச கற்பூரம் நாளாக நாளாகக் கரைஞ்சு போற மாதிரி நேரா ஆவியாப் போயிடும். கோடிக்கணக்கான வருஷமா அங்கே பனி இருக்குன்னா, உள்ளே இருந்து ஏதோ ஒண்ணு மேலே வந்து நிரப்பிக்கிட்டே இருக்கணும். அதாவது தோலுக்கு அடியில் நிறைய பனி இருக்கணும். பழைய பாடப்புத்தகத்தில் "வால்நட்சத்திரம் என்றால் பனி, சிறுகோள் என்றால் பாறை" என்று படிச்சோமே, அந்தக் கோட்டையே அழிக்கிற சமாச்சாரம்.

இப்ப பொண்ணு கேட்ட கேள்வி. யாரும் போகாம எப்படிப் பார்த்தாங்க?

பக்கத்து வீட்டில் என்ன சமையல்னு எட்டிப் பார்க்காமலே சொல்றோம் இல்லையா, அந்த மாதிரிதான். சூரிய வெளிச்சம் சிறுகோள் மேல பட்டுத் திரும்பி வருது. வர்ற வழியில், அந்த மண்ணில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தனக்குப் பிடிச்ச அலைநீளத்தை மட்டும் விழுங்கிடும். திரும்பி வந்த வெளிச்சத்தை அலைநீளம் வாரியாப் பிரிச்சு கோடு போட்டா, விழுங்கின இடத்தில் பள்ளம் தெரியும். களிமண் கனிமங்களுக்குள்ளே கட்டுண்டு கிடக்கிற நீர் 2.7, 2.8 மைக்ரான் பக்கம் பள்ளம் போடும். பச்சைப் பானையை எவ்வளவு காய வச்சாலும் சூளையில் சுட்டாத்தான் போகிற நீர் ஒண்ணு இருக்கே, அது இந்த வகை. பனிக்கட்டி 3.1 மைக்ரான் கிட்ட. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கரிமப் பொருட்கள் 3.4 மைக்ரான் கிட்ட.

இதில் ஒரு தொல்லை, நம்ம காத்துலயும் நீராவி இருக்கு. அது 2.5-ல் இருந்து 2.9 வரைக்கும் வர்ற வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட மொத்தமா முழுங்கிடும். அதனாலதான் மலை உச்சிக்குப் போறாங்க. அங்கே போயும் பள்ளத்தோட ஒரு கரையைத்தான் பார்க்க முடியும், இன்னொரு கரை மறைஞ்சிருக்கும்.

இன்னொரு தொல்லைதான் பெரிய தொல்லை. பக்கத்து வீட்டு வாசனை பெருங்காயமா, பூண்டான்னு சில சமயம் குழம்பும் பாருங்க, அதே மாதிரி ஒரே இடத்தில் பள்ளம் போடுற பொருட்கள் ஒண்ணுக்கு மேல உண்டு. தெமிஸ் வழக்கு முழுக்க இந்த ஒரு குழப்பத்தில்தான் நிக்குது. இந்தக் குழப்பம் 2010-ல் புதுசா வந்ததும் இல்லை. சிறுகோள்களில் தண்ணீரும் கரிமமும் தேடின வரலாறே, சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்கிற கேள்வியோட வரலாறுதான். அதுக்குப் பழைய உதாரணம் ரெண்டு இருக்கு. ஒண்ணு கையில் கிடைச்ச கல், இன்னொண்ணு தூரத்தில் தெரிஞ்ச புள்ளி.

* * *

முதல்ல கல்.

சிறுகோளுக்கு மனுஷன் போகலையே தவிர, சிறுகோளோட துண்டுகள் நம்ம கிட்ட வந்துகிட்டேதான் இருக்கு. பெரும்பாலான விண்கற்கள் அங்கே இருந்து உடைஞ்சு வந்தவை. 1806-ல் பிரான்சில் அலே என்ற ஊர் பக்கம் கரிய, மிருதுவான ஒரு கல் விழுந்துச்சு. தண்ணியில் போட்டா மண்கட்டி மாதிரி கரைஞ்சுது. ஸ்வீடனின் பெரிய வேதியியலாளர் பெர்சீலியஸ் 1834-ல் அதைச் சோதிச்சுப் பார்த்தார். நீரும் இருந்துச்சு, கரிமப் பொருளும் இருந்துச்சு. "அப்ப அங்கே உயிர் இருக்குமோ?" என்ற கேள்வி அவருக்கும் வந்துச்சு. இதை மட்டும் வச்சு அப்படிச் சொல்லிட முடியாதுன்னு அவரே நிறுத்திக்கிட்டார். இந்தக் கதையில் வர்றவங்க எல்லாரும் அவ்வளவு நிதானமா இருந்துடலை.

1864 மே 14 ராத்திரி, தெற்கு பிரான்சில் ஓர்கேய் என்ற கிராமத்தைச் சுத்தி இருபது துண்டு கிட்ட விழுந்துச்சு. இதுவும் அதே ரகம், கத்தியால் வெட்டலாம் போல மெத்துனு இருக்கும். அருங்காட்சியகங்கள் பங்கு போட்டு எடுத்துக்கிட்டாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, 1961-ல், பார்த்தலோமியூ நாகி, ஜார்ஜ் கிளாஸ் என்ற ரெண்டு பேர் அமெரிக்காவில் இதை நுண்ணோக்கியில் பார்த்துட்டு, பாசி மாதிரி நுண்ணுயிர்களோட புதைபடிவம் இருக்குன்னு எழுதினாங்க. உலகமே குதிச்சது. கொஞ்ச நாளில் சிகாகோவில் எட்வர்ட் ஆண்டர்ஸும் கூட்டாளிகளும் அதையே பார்த்துட்டு, "இதில் பாதி களைச்செடி மகரந்தம்ப்பா" என்று சொல்லிட்டாங்க. நூறு வருஷம் அலமாரியில் இருந்த கல்லில் நம்ம ஊர் தூசி படியாம இருக்குமா?

இதைவிட பெரிய கூத்து 1964-ல் வெளியே வந்துச்சு. மோன்தோபான் ஊர் அருங்காட்சியகத்தில் 1864-ல் இருந்து மூடின கண்ணாடி ஜாடியில் இருந்த ஒரு ஓர்கேய் துண்டை எடுத்துப் பார்த்தா, உள்ளே கோரைப்புல் மாதிரி ஒரு செடியோட விதை! கூடவே நிலக்கரித் துணுக்கு! ஆண்டர்ஸ் குழு கிண்டிப் பார்த்ததில், யாரோ ஒரு புண்ணியவான் கல்லை ஈரமாக்கி, விதையைச் செருகி, பசை போட்டு, மேல்தோல் மாதிரி பூசி வச்சிருக்கார். கல் விழுந்ததுக்கு ஒரு மாசம் முன்னால, 1864 ஏப்ரலில்தான், லூயி பாஸ்டர் பாரிசில் "உயிர் தானாக முளைக்காது" என்று பிரபலமான உரை நிகழ்த்தியிருந்தார். அந்தச் சண்டையில் யாரையோ கவிழ்க்க வச்ச பொறியா இருக்கலாம் என்பது ஊகம். பாவம், பொறியில் மாட்ட வேண்டியவர் ஜாடியைத் திறக்கவே இல்லை. வச்சவர் யாருன்னும் இன்னிவரைக்கும் தெரியாது :)

இத்தனை கூத்துக்கு அப்புறம் சாதாரணமா என்ன சொல்வோம்? "எல்லாம் புருடா, அந்தக் கல்லில் ஒண்ணும் இல்லை." இல்லையே! விதை பொய். மகரந்தம் நம்மது. உயிர் என்ற வாதம் விழுந்துடுச்சு. ஆனா கல்லில் இருந்த கரிமப் பொருள் நிஜம்.

அதைச் சந்தேகமில்லாம நிரூபிக்க வேற ஒரு கல் வேண்டியிருந்துச்சு. 1969 செப்டம்பர் 28, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து மர்ச்சிசன் ஊர். 100 கிலோவுக்கு மேல சேகரிச்சாங்க. நிலவுக்கு ஆள் போய் வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்த நேரம். நிலவுக் கல்லைக் கை படாம சோதிக்கிறதுக்குத் தயாரா வச்சிருந்த ஆய்வகங்களுக்கு, தானா வந்து விழுந்த கல் கிடைச்சது. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் கீத் குவென்வோல்டனும் சகாக்களும் 1970-ல் முடிவை வெளியிட்டாங்க: அமினோ அமிலங்கள் இருக்கு. அந்தக் குழுவில் ஒருத்தர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையில் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிச்சு பட்டம் வாங்கிட்டு, அப்புறம் வேதியியல் பக்கம் போய், உயிர் எப்படித் தொடங்கியிருக்கும் என்ற கேள்விக்கே வாழ்நாளைக் கொடுத்த மனுஷன்.

சரி, இந்த அமினோ அமிலம் மட்டும் நம்ம கைரேகையில் இருந்து ஒட்டினது இல்லைன்னு எப்படிச் சொன்னாங்க? இங்கேதான் ஓர்கேய் கத்துக்கொடுத்த பாடம் வேலை செஞ்சது. அமினோ அமிலங்களுக்கு இடது கை, வலது கை மாதிரி ரெண்டு வடிவம் உண்டு. பூமியில் உயிர்களோட புரதம் இடது கை வடிவத்தைத்தான் பயன்படுத்துது. மர்ச்சிசனில் ரெண்டும் ஏறக்குறைய சரிசமமா இருந்துச்சு. தவிர, நம்ம புரதத்தில் இல்லாத சில அமினோ அமிலங்களும் இருந்துச்சு. கைரேகையில் இருந்து வந்திருந்தா இப்படி வராது. முந்தின தடவை ஏமாந்ததால்தான், இந்தத் தடவை எதைக் கேட்கணும்னு தெரிஞ்சிருந்தது.

* * *

அடுத்தது புள்ளி. இது தெமிஸுக்கு இன்னும் நெருக்கமான கதை.

1801 ஜனவரி 1-ம் தேதி சிசிலித் தீவில் பலர்மோ நகரத்தில் ஜுசெப்பே பியாட்ஸி சீரிஸைக் கண்டுபிடிச்சார். முதல் சிறுகோள், இன்னிக்கு குறுங்கோள் என்ற பதவி உயர்வும் வாங்கிடுச்சு. அதுக்கு அப்புறம் 170 வருஷத்துக்கு மேல அது வெறும் வெளிச்சப் புள்ளி. 1970-களின் கடைசியில்தான் அகச்சிவப்புக் கருவிகள் அந்தப் புள்ளியோட வாசனையைப் பிடிக்கிற அளவுக்கு வந்துச்சு. 1978-ல் லாரி லெபோஃப்ஸ்கி சீரிஸில் 3 மைக்ரான் பக்கம் பள்ளம் இருக்கு, கனிமத்தில் கட்டுண்ட நீர் இருக்கு என்று எழுதினார். 1981-ல் அவரும் சகாக்களும் இன்னும் துல்லியமாப் பார்த்ததில், பெரிய பள்ளத்துக்குள்ளே சின்னதா இன்னொரு பள்ளம் தெரிஞ்சது. எங்கே? 3.1 மைக்ரான் கிட்ட! சீரிஸ் மேல மெல்லிசா உறைபனி படிஞ்சிருக்குன்னு விளக்கம் சொன்னாங்க.

பத்து வருஷம் அது உறைபனியாவே இருந்துச்சு. 1992-ல் ட்ரூட் கிங் என்ற புவியியலாளரும் கூட்டாளிகளும் ஆய்வகத்தில் பலவிதக் களிமண்ணை அளந்து பார்த்துட்டு, "இது பனி இல்லைங்க, அம்மோனியா ஏறின களிமண்" என்று சொன்னாங்க. அதுவும் அதே இடத்தில்தான் பள்ளம் போடும். பெருங்காயமா, பூண்டா? இருபது வருஷத்துக்கு மேல இந்தச் சண்டை நடந்துச்சு. நடுவில் வேற கனிமங்களையும் சிலர் முன்வச்சாங்க.

தீர்ப்பு சொல்ல ஆள் நேரிலேயே போக வேண்டியதாச்சு. ஆள்னா விண்கலம். 2007-ல் கிளம்பின டான் விண்கலம், வழியில் வெஸ்டாவையும் சுத்திப் பார்த்துட்டு, 2015 மார்ச் 6-ம் தேதி சீரிஸைச் சேர்ந்தது. அங்கே குறுக்கே காத்து இல்லை, நீராவி இல்லை. பள்ளத்தோட ரெண்டு கரையும் முழுசாத் தெரிஞ்சது. அந்த வருஷமே முடிவு வந்துச்சு: சீரிஸ் முழுக்கப் பரவியிருக்கிறது அம்மோனியா ஏறின களிமண்தான். 1981-ல் உறைபனின்னு சொன்னது தப்பு.

கதை இத்தோட முடிஞ்சிருந்தா, "அவசரப்பட்டா இப்படித்தான்" என்று நீதி சொல்லிட்டு நானும் போயிடுவேன். முடியலை.

டான் போய்ச் சேர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2014 ஜனவரியில், ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் தரவுகளை வச்சு சீரிஸிலிருந்து நீராவி கசியுதுன்னு கண்டுபிடிச்சிருந்தாங்க. நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோ. டான் போன பிறகு, ஆக்ஸோ என்ற சின்னக் கிண்ணக்குழியில் நிஜமான பனிக்கட்டியே வெளியே தெரிஞ்சது. நியூட்ரான் கருவியை வச்சு அளந்தப்ப, துருவப் பக்கம் மண்ணைக் கொஞ்சம் கீறினாலே பனி என்று தெரிஞ்சது. 2017-ல் எர்னூட்டெட் என்ற பள்ளத்துக்குப் பக்கத்தில் கரிமப் பொருளும் கிடைச்சது. அதைக் காட்டிக்கொடுத்தது அந்த 3.4 மைக்ரான் பள்ளம்தான்.

யோசிச்சுப் பாருங்க. சீரிஸில் பனி இருக்குன்னு 1981-ல் சொன்னாங்க. சீரிஸில் பனி இருக்கு. ஆனா அவங்க காட்டின சாட்சி பனி இல்லை, களிமண். வழக்கு ஜெயிச்சுது, சாட்சி தோத்துது! ஓர்கேயிலும் இதுதானே நடந்துச்சு? சாட்சியா வந்த விதை பொய், ஆனா கல்லில் கரிமம் உண்மை.

நாம பொதுவா ரெண்டையும் ஒண்ணாக் கட்டிடுறோம். சாட்சி விழுந்தா வழக்கும் விழுந்துச்சுன்னு நினைக்கிறோம். வழக்கு ஜெயிச்சா, "பார்த்தியா, அன்னிக்கே சொன்னேன்ல" என்று செத்துப்போன சாட்சிக்கும் மாலை போடுறோம். ரெண்டுமே தப்பு. இதை நான் பிடிச்சுக்க இத்தனை வருஷம் ஆச்சு.

* * *

இப்ப தெமிஸுக்குத் திரும்புவோம். அதே 3.1 மைக்ரான், அதே பனி விளக்கம். சீரிஸ் கதை தெரிஞ்ச எவனும் கொஞ்சம் யோசிப்பான் இல்லையா?

யோசிச்சாங்க. 2011-ல் பியர் பெக் என்ற பிரெஞ்சுக்காரரும் சகாக்களும், கோதைட் என்ற கனிமமும் இதே மாதிரி பள்ளம் போடும்னு காட்டினாங்க. கோதைட் வேற ஒண்ணும் இல்லை, நம்ம வீட்டு கேட்டில் பிடிக்கிற துருவுக்கு நெருங்கின சொந்தம். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? "விண்கற்களில் பூமிக்கு வந்த பிறகு பிடிச்ச துருவைத் தவிர கோதைட்டை எங்கேய்யா பார்த்தீங்க?" என்று திருப்பிக் கேட்டாங்க. 2012-ல் டேவிட் ஜூவிட்டும் ஓரேலி கில்பெர்ட்-லெபூட்டரும் கெக் தொலைநோக்கியில், தெமிஸிலிருந்து ஏதாவது வாயு வெளியேறுதான்னு தேடினாங்க. பனி ஆவியாகுதுன்னா புகைச்சல் தெரியணுமே? ஒண்ணும் சிக்கலை. பனி இருந்தா அது கொஞ்ச இடத்தில்தான் வெளியே தெரியணும், இல்லைன்னா ரொம்ப மந்தமா ஆவியாகணும் என்ற அளவோட நின்னுச்சு. 2020-ல் 67P வால்நட்சத்திரத்தின் பள்ளத்துக்கு அம்மோனிய உப்புகள் ஒரு காரணம்னு கண்டுபிடிச்சதும், அம்மோனியா கட்சிக்கு மறுபடி தெம்பு வந்துச்சு.

இன்னொரு பக்கம், தெமிஸ் தனி ஆளும் இல்லை. 2011-ல் சிபெலி என்ற சிறுகோளிலும் பனியும் கரிமமும் இருக்குன்னு கட்டுரை வந்துச்சு. 2012-ல் வந்த ஆய்வுகளில், தெமிஸ் மாதிரியே பள்ளம் காட்டின இன்னொரு சிறுகோள் கமில்லா. இந்த கமில்லாவைக் கண்டுபிடிச்சது எங்கேன்னு நினைக்கிறீங்க? நம்ம நுங்கம்பாக்கம்! 1868 நவம்பர் 17-ம் தேதி, மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்து நார்மன் பாக்சன் கண்டுபிடிச்சார். இப்ப வானிலை ஆய்வு மையம் இருக்கிற அதே வளாகம். "அடுத்த 24 மணி நேரத்தில் மழை" சொல்ற இடத்தில் இருந்து கண்டுபிடிச்ச சிறுகோளில் இப்ப தண்ணி இருக்கா இல்லையான்னு சண்டை. பொருத்தம்தான் :)

தெமிஸோட குடும்பத்தையும் விட்டுடக்கூடாது. 1918-ல் ஜப்பானின் கியோட்சுகு ஹிரயாமா, சில சிறுகோள்கள் கூட்டம் கூட்டமா ஒரே மாதிரி பாதையில் போறதைக் கவனிச்சார். ஒரு பெரிய தாய்க்கோள் உடைஞ்சு சிதறின பிள்ளைகள் இவைன்னு சொன்னார். அவர் முதலில் பிரிச்ச குடும்பங்களில் ஒண்ணு தெமிஸ் குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒரு பொடியன், 1979-ல் சாதாரண சிறுகோளாப் பதிவானவன், 1996-ல் திடீர்னு வாலோட வந்து நின்னான்! எல்ஸ்ட்-பிசாரோன்னு பேர். அதுக்கப்புறம் 2002-லும் 2007-லும், ஒவ்வொரு தடவை சூரியனுக்குப் பக்கத்தில் வர்றப்பவும் வால். மோதல் ஒரு தடவை நடக்கும். சொல்லி வச்ச மாதிரி திரும்பத் திரும்ப நடக்குமா? உள்ளே பனி இருந்து சூடு பட்டு ஆவியாகி தூசியைத் தள்ளினாத்தான் அது நடக்கும். 2006-ல் ஹென்றி சியேவும் ஜூவிட்டும் இந்த மாதிரி ஆட்களை 'முதன்மைப் பட்டை வால்நட்சத்திரங்கள்' என்று தனி வகையாவே பிரிச்சாங்க.

வால் சரி, தண்ணீர் எங்கேன்னு கேட்டவங்களுக்கு 2023 மே மாசம் பதில் வந்துச்சு. அதே பட்டையில் சுத்துற ரீட் என்ற வால்நட்சத்திரத்தை ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி பார்த்தது. காத்துக்கு மேலே இருக்கிற கண்ணு, மறைப்பு கிடையாது. நீராவி சந்தேகமில்லாமத் தெரிஞ்சது. வழக்கமா வால்நட்சத்திரத்தில் கூடவே இருக்கிற கார்பன் டை ஆக்சைடு மட்டும் காணோம்.

ஆக, சிறுகோள் பட்டையில் பனி இருக்கா? இருக்கு. சீரிஸில் கண்ணாலேயே பார்த்தாச்சு, ரீட் நீராவியாவே காட்டிடுச்சு. 2010-ல் சொன்ன பெரிய விஷயம் சரிதான். ஆனா தெமிஸ் மேல தெரிஞ்ச அந்தப் பள்ளம் பனியா? அதுக்கு இன்னும் தீர்ப்பு எழுதலை. நீதி தேவதை பேரை வச்சுக்கிட்டு வழக்கு வாய்தாவில் நிக்குது.

* * *

கரிமத்துக்கு மட்டும் தீர்ப்பு கொஞ்சம் சீக்கிரம் கிடைச்சது, ஏன்னா போய் அள்ளிட்டே வந்துட்டாங்க.

ஜப்பானின் ஹயபுசா-2 ரியுகு என்ற சிறுகோளில் இருந்து 5.4 கிராம் மண்ணை 2020 டிசம்பர் 6-ம் தேதி ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இறக்குச்சு. அதில் அமினோ அமிலங்கள் இருந்துச்சு. 2023-ல் யுராசில் கிடைச்சதாவும் அறிவிச்சாங்க, அது ஆர்.என்.ஏ-வோட எழுத்துகளில் ஒண்ணு. இதில் எனக்குப் புல்லரிச்ச இடம், ரியுகு மண்ணோட சேர்மானம் எந்த விண்கல்லோட ஒத்துப்போச்சு தெரியுமா? ஓர்கேய் ரகத்தோட! விதை செருகி அவமானப்படுத்தின அதே கல், 156 வருஷம் கழிச்சு மானம் மீண்டது.

அமெரிக்காவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் பென்னுவில் இருந்து 121.6 கிராம் கொண்டுவந்து 2023 செப்டம்பர் 24-ல் யூட்டா பாலைவனத்தில் போட்டது. 2025 ஜனவரியில் முடிவு வெளியாச்சு: நம்ம உடம்பு புரதத்துக்குப் பயன்படுத்துற 20 அமினோ அமிலங்களில் 14, டி.என்.ஏ-வும் ஆர்.என்.ஏ-வும் பயன்படுத்துற அஞ்சு எழுத்தும், அம்மோனியா, உப்புத்தண்ணி வத்தினா மிச்சமாகிற உப்புகள். இடது கை, வலது கை ஏறக்குறைய சரிசமம். நம்ம உப்பளத்தில் நடக்கிற மாதிரி, பென்னுவோட தாய்க்கோளில் எப்பவோ உப்புநீர் வத்தியிருக்கு.

ஓர்கேயோட பாடம் மட்டும் இன்னும் முடியலை. ரியுகு மண் துகள் ஒண்ணை லண்டனில் பார்த்தப்ப, அது மேல நுண்ணுயிர்கள் இழை இழையா இருக்கிறதைப் பார்த்தாங்க. "வேற்றுலக உயிர்!" என்று யாரும் கத்தலை. நாள் கணக்கில் எண்ணிக்கை ஏறி இறங்குறதைக் கணக்கெடுத்து, "இது பூமியில் ஒட்டிக்கிட்ட கிருமி" என்று 2024-ல் அவங்களே எழுதிட்டாங்க. 1961-ல் நடந்ததையும் இதையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தா, நடுவில் அறுபது வருஷமா என்ன கத்துக்கிட்டோம்னு புரியும்.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்குன்னா, கேள்வி நம்ம கடலைப் பத்தினது. பூமி உருவான இடம் சூடானது, இவ்வளவு தண்ணி இங்கே எப்படி? வால்நட்சத்திரம் கொண்டு வந்திருக்கும்னு ரொம்ப நாள் சொன்னாங்க. சாதா ஹைட்ரஜனுக்கும் கனமான ஹைட்ரஜனுக்கும் இருக்கிற விகிதத்தை வச்சுத் தண்ணியோட பூர்வீகத்தைப் பார்க்கலாம். 1986-ல் ஹேலியில் அளந்தா, நம்ம கடலைப் போல ரெண்டு மடங்கு. 2014-ல் ரோசெட்டா 67P-யில் அளந்தா மூணு மடங்குக்கும் மேல. ஆனா கரிம விண்கற்களில் இருக்கிற நீர் நம்ம கடலுக்குக் கிட்ட வருது. அதனால சந்தேகம் சிறுகோள்கள் பக்கம் பலமாத் திரும்பியிருக்கு. முழுத் தீர்ப்பு இதுக்கும் இல்லை. நான் 2010-ல் எழுதின "நாம் குடிக்கும் தண்ணீர் வானத்திலிருந்து வந்தது" என்ற பஞ்சில், 'ஒரு பகுதி வந்திருக்கலாம்' என்று இருந்திருக்கணும். பஞ்ச் கெட்டுப் போயிருக்கும், பரவாயில்லை.

பழைய பதிவை அழிச்சிடலாமான்னு யோசிச்சேன். வேண்டாம்னு விட்டுட்டேன். 1961-ல் எழுதினதையும் 1981-ல் எழுதினதையும் யாரும் அழிக்கலை. அதனாலதான் எங்கே வழுக்கினோம்னு இன்னிக்கு நம்மால பார்க்க முடியுது. தலைப்பில் இருந்த ஆச்சரியக்குறியை மட்டும் எடுத்துட்டு, கேள்விக்குறி போட்டு, கீழே இந்தப் பதிவுக்கு வழி காட்டியிருக்கேன்.

பொண்ணுகிட்ட இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப நீ எழுதினது சரியா தப்பாப்பா?" என்றாள்.

"தண்ணி இருக்குன்னு சொன்னது சரி. இதுதான் தண்ணின்னு கையை நீட்டிக் காட்டினது அவசரம்."

"அப்ப யாராவது தெமிஸுக்குப் போய் பாக்கணும்."

ஆமாம்மா. யாராவது போகணும்.